சித்தியின் எட்டுக்காலி சாப்பிடவில்லை

சித்தி இறந்த செய்தி வந்தபோது தொலைபேசியை எடுத்தது நான்தான். பள்ளிவிட்டு வந்து, அவள் சொல்லியிருந்தபடி அவள் வளர்த்த பெரிய சிலந்தியின், எங்கள் பேச்சில் எட்டுக்காலியின், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கரப்பானை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுக்காலி அசையவில்லை. கரப்பானைத் திரும்ப எடுத்து வெளியே போட்டபோது மணி அடித்தது. சித்திதான் அலுவலகத்திலிருந்து கேட்கிறாள் என்று நினைத்து, "இன்னும் தின்னல சித்தி" என்றேன். மறுமுனையில் ஒரு ஆண்குரல், வீட்டில் பெரியவர்கள் யாராவது உண்டா என்று மலையாளத்தில் கேட்டது.

கழக்கூட்டம் சாலையில், மழையில் நடந்த விபத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளோடு வேலை பார்த்த நீங்கள்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். "படிச்சது, வேலை, நல்ல குணம். அது போதும். எட்டுக்காலிக் கதை எல்லாம் எழுதாண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். அதை விட்டுவிட்டால் எனக்குத் தெரிந்த சித்தி இதில் இருக்கமாட்டாள்.

பொன்முடிக்கு நீங்கள் எல்லோரும் போன அன்று, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு நின்ற இந்த டாரன்டுலா வகை எட்டுக்காலியை யாரோ துடைப்பத்தால் அடிக்கப் போனார்களாம். சித்தி அதைச் சாப்பாட்டு டப்பாவால் மூடி, மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். "இது வீடா, மிருகசாலையா?" என்றார் அப்பா.

"மிருகசாலைன்னா நல்லதுல்லா அத்தான். உங்க சொந்தக்காரங்க டிக்கெட் எடுத்துல்லா உள்ள வரணும்" என்றாள் சித்தி. அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெட்டியைச் சுத்தம் செய்யும்போது மூடியைப் பிடிப்பது என் வேலை. நான் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டே பிடிப்பேன். அது கடித்தால் நாள்கணக்கில் வலிக்கும் என்று அவளே சொல்லியிருந்தாள். ஒருநாள், "உனக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்டேன். "பயம் இல்லாமலா மக்களே இவ்வளவு பையச் செய்யுதேன்?" என்றாள்.

கடைசி வாரம் வீடு சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு போட்டோவைக் கொண்டுவந்து சித்தியின் முன்னால் வைத்தாள். நாகர்கோவில் பையன், வங்கி வேலை.

"வேண்டாம்க்கா."

"வேண்டாம்னா ஒரு காரணம் வேண்டாமாட்டீ?"

"காரணம் இருந்தாத்தான் வேண்டாம்னு சொல்லணுமா?"

அதற்குப் பிறகு அம்மா அவளோடு பேசவில்லை. விபத்து நடந்த வெள்ளிக்கிழமை காலை சித்தி வாசலில் நின்று, "அக்கா, போயிட்டு வாறேன்" என்றாள். அம்மா அடுக்களையிலிருந்து பதில் சொல்லவில்லை. நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் மொட்டைமாடியில் இலை போட்டு, சித்திக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். காக்கை மதில்மேல் வந்து உட்கார்ந்தது. இலைக்கு வரவில்லை. "கல்யாணம் ஆகாமப் போனவ. மனசுல குறை கெடக்கும்" என்று சொந்தக்காரர்களில் யாரோ சொன்னார்கள். அம்மா அந்த வெயிலில் இலைக்கு முன்னாலேயே நின்றாள். இறங்கி வந்ததும் என்னிடம், "அவ எட்டுக்காலி ஏதாவது தின்னுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அவ இருக்கும்போதே நிறுத்திட்டு."

"அவ கையால வளர்ந்தது. அது தின்னா அவ தின்ன மாதிரிதான்."

பல்லியைக் கண்டாலே விலகிப்போகும் அம்மா, சாயங்காலம் சித்தி இருந்த மாடியறைக்குப் போய்க் கரப்பானைத் தானே பிடித்துப் பெட்டிக்குள் விட்டிருந்தாள். நான் போனபோது கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். "கோவத்த விடுட்டீ. ஒரு வாய் தின்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எட்டுக்காலி தன் வலைமேல் மல்லாந்து கிடந்தது. எட்டுக் கால்களும் விரிந்திருந்தன.

"அதுவும் போச்சு" என்றாள் அம்மா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு காலின் நுனி மெல்ல அசைந்தது. சித்தி ஒருமுறை பிலிம் டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்த பழைய தோலை எனக்குக் காட்டியது அப்போதுதான் நினைவு வந்தது. தோல் உரிக்கும் காலத்தில் அது எதையும் தின்னாது, மல்லாந்து கிடந்துதான் உரிக்கும், உடம்பு வெண்ணெய்போல் இருக்கும், அப்போது ஒரு கரப்பான் கடித்தாலே செத்துவிடும் என்று சொல்லியிருந்தாள்.

நான் இடுக்கியை எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காண்டாம். கெடக்கட்டு. எப்பமாவது தின்னும்."

"அம்மா, இதுக்கு யார்மேலயும் கோவம் இல்ல. இப்ப வேண்டாம், அவ்வளவுதான். எடுக்கலைன்னா செத்துப்போகும்."

அவள் விடவில்லை. வலித்தது. கரப்பான் பெட்டிக்குள் கிடந்த மரப்பட்டையோரமாக ஏறி வலைக்கு வந்தது. அதன் மீசை எட்டுக்காலியின் காலைத் தொட்டது. அந்தக் கால் சுருங்க முயன்று, முடியாமல் நின்றது. அம்மாவும் அதைப் பார்த்தாள். பிடி தளர்ந்தது.

முதல்முறை இடுக்கி வழுக்கி வலையில் இடித்தது. வலை முழுவதும் ஆடியது. நான் இடுக்கியை மேலே தூக்கி, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தேன். இரண்டாம் முறை மிகவும் மெதுவாக இறக்கி, கரப்பானைப் பிடித்து வெளியே எடுத்தேன். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நாங்கள் இரண்டுபேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். வெகுநேரம் கழித்து, பழைய கால்கள் அப்படியே இருக்க, அவற்றுக்குள்ளிருந்து வெளிறிய புதிய கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அம்மா கடைசிக் கால் வரும்வரை பார்த்தாள். எழும்போது, "நான் ஒரு வார்த்தை 'சரி'ன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள். அவள் போட்டோவைப் பற்றிச் சொன்னாளா, அந்தக் காலையைப் பற்றிச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

பெட்டி இப்போது என் அறையில் இருக்கிறது. எட்டுக்காலி இன்னும் சாப்பிடவில்லை. அதன் பற்கள் இறுகிக் கறுக்கும்வரை இரை கொடுக்கக் கூடாது. அதன் பிறகும் தின்னுமா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்குமேல் கேட்காமல் பக்கத்தில் இருப்பது எப்படி என்பதைச் சித்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடமும் அவளுடையது ஏதாவது இருக்கும்.

இன்று காலை அம்மா என் அறைக்கு வந்து பெட்டியின் முன் குனிந்து பார்த்தாள். தின்றதா என்று கேட்கவில்லை.

"தண்ணிக் கிண்ணம் காஞ்சு கெடக்கு. ஊத்து" என்றாள். "மூடிய நான் பிடிச்சுக்கிடுதேன்."