கோதையின் பெயரை நீக்கிய மதியம்

போன வாரம் திருவானைக்காவலில் ஒரு ஏடிஎம்முக்குள் நுழைந்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்றோடு தூசியும் சூடான ஒயரும் பழைய ஏசியும் கலந்த ஒரு வாசனை. எதற்கு வந்தேன் என்பதே மறந்து நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர், "என்னங்க, மெஷின் வேலை செய்யலையா?" என்றார். "மெஷின் நல்லாத்தாங்க இருக்கு, எனக்குத்தான் ஒண்ணும் ஓடலை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அது எங்கள் சர்வர் ரூம் வாசனை. புத்தூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். சர்வர் ரூம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது சாமான் போடுகிற அறைதான். ஆனால் அங்கே எப்போதும் ஏசி ஓடும். அதனால் கோதைக்கும் எனக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான். என் டப்பாவில் முட்டை இருந்தால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வாள். பேச்சை மட்டும் நிறுத்த மாட்டாள்.

கோதை ஸ்ரீரங்கத்துக்காரி. நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. அதைக் காப்பது, பிரதி எடுத்து வைப்பது, உள்ளே யாரை விடலாம் என்று முடிவு செய்வது எல்லாம் அவள்தான். அந்த விவரங்களைத் திரையில் காட்டும் புரோகிராமை எழுதுவது எங்கள் வேலை. எங்களுக்கு எல்லாமே இன்றைக்கே வேண்டும். அவள் "நாளைக்குப் பாக்கலாம்" என்பாள். சண்டை போடாத நாளே கிடையாது. சண்டை போட்டுவிட்டு ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவோம்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் எதை மாற்றினாலும், மாற்றம் கேட்டவர் கமாண்டை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவள் காதால் கேட்டு டைப் அடிப்பாள். எங்களுக்கு எரிச்சலாக வரும், இதென்ன எல்.கே.ஜி.யா என்று. ஒருநாள் தவறாகப் பதிந்த ஒரு ரத்தப் பரிசோதனை முடிவை அழிக்கச் சொல்லி மளமளவென்று வாசித்தேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"யாரோடதுன்னு நீ சொல்லவே இல்லையேடி. இப்படியே அடிச்சா எல்லாரோடதும் போயிடும்."

நோயாளியின் எண்ணைச் சேர்த்து மறுபடி வாசித்தேன். "பெருமாள் காப்பாத்தினார்னு சொல்லிக்கோ. கோதை காப்பாத்தினான்னு சொன்னாலும் தப்பில்லை" என்று சிரித்தாள். புரோகிராம் எழுதுகிற யாரைக் கேட்டாலும், இதே மாதிரி ஒரு கதை வைத்திருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு கோதை இருந்தாளா என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் முதலாளியை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். பெங்களூர் போய்விட்டு வந்தவர், எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது எங்கேயோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர்களுக்கு, மாற்றப்போவதாகச் சொன்னார். மீட்டிங்கில் வெள்ளைப் பலகையின் நடுவே ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் கோதையின் வேலைகள், வலப்பக்கம் எங்களுடையவை. பிறகு இடப்பக்கத்தில் இருந்ததை ஒவ்வொன்றாக அழித்து வலப்பக்கம் எழுதினார். "பேக்கப் தானா நடந்துரும்மா. மத்ததெல்லாம் டெவலப்பருங்களே பாத்துக்குவாங்க."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எழுதுறவங்களே சரிபாக்கவும் செஞ்சா, தப்பு நடக்கும்போது யாரு சார் தடுக்கறது?"

"எதுக்கும்மா தடுக்கணும்? வேகமா போகணும்ல?" என்றார். அவர் கெட்டவரும் இல்லை. என் தம்பி கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் பரிமாறியவர். அந்தப் பாழாய்ப்போன கோட்டைப் பார்த்துத்தான் கோபப்பட வேண்டியிருந்தது.

இடப்பக்கம் காலியானதும் கோதை "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். வீட்டில் அவள் அப்பா படுத்த படுக்கை. சென்னை, பெங்களூர் என்று கிளம்ப வழியில்லை. திருச்சியில் இந்த வேலைக்கு அவளுக்கு வேறு இடமும் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த மாதத்தோடு அவளுக்கு வேலை போயிற்று. கடைசி நாள் அவளுடைய லாகினை நீக்க வேண்டும். அந்த அதிகாரத்தை அவளே எனக்குக் கொடுத்தாள். நாற்காலியையும் கொடுத்தாள். "நீ அடி. நான் வாசிக்கறேன்."

அவள் தன் பெயரைத் தானே வாசித்தாள், குரல் கொஞ்சமும் பிசகாமல். நான் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அடித்து முடித்ததும் டேட்டாபேஸ் மறுத்துவிட்டது. இவரை நீக்க முடியாது, இவர் பெயரில் நிறைய டேபிள்கள், அதாவது விவரப் பட்டியல்கள், இருக்கின்றன என்றது.

"பாருடி, இதுவாவது வேண்டாங்கறது" என்றாள் கோதை. இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் தோளைத் தட்டி, "எல்லாத்தையும் உன் பேருக்கு மாத்து. அப்புறம் அது ஒண்ணும் சொல்லாது" என்று அடுத்த கமாண்டை வாசித்தாள். மாற்றினேன். மறுபடி நீக்கச் சொன்னபோது அது மறுக்கவில்லை.

பிறகு அந்தக் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். மாடியில் இப்போது யாரோ பிசியோதெரபி நடத்துகிறார்கள். நான் வீட்டிலிருந்தபடியே வேறு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, "டேட்டாபேஸுக்குன்னு தனியா ஒரு ஆள் இருந்தாங்களா அக்கா?" என்று ஆச்சரியப்பட்டாள். கோதை எங்கெங்கோ விண்ணப்பம் போட்டாள். எல்லா இடத்திலும் "புரோகிராம் எழுதுவீங்களா?" என்று கேட்டார்கள். அப்பா போன பிறகு விண்ணப்பம் போடுவதையும் விட்டுவிட்டாள்.

நேற்று ஸ்ரீரங்கத்தில் காய்கறிக் கடையில் அவளைப் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டு, "ஒரு டேபிள் மாத்தணும்டி, பயமா இருக்கு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் எனக்கு மறந்தே போச்சுடி" என்றாள்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த டேபிளில் என்ன இருக்கிறது என்று சொல்வாள் அவள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் நிமிரவில்லை. "ஆத்துக்கு வாயேன் ஒருநாள்" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் பேச்சுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே பயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து நானே அடித்து, நானே சரியென்று சொல்லிக்கொண்டேன்.