பட்டன் அமுக்கும் வேலை

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் அண்ணனுக்குச் சீட்டுக் கிழியப்போகிறது என்று பேச்சு. "பட்டனை அமுக்க ஒரு ஆளா?" என்று மேனேஜர் சலித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஊருக்குள் அந்தக் காய்ச்சல் வந்தது. அதன்பிறகு பட்டனைத் தொட நாதியில்லை. முழங்கையால் இடித்தார்கள், சாவியால் குத்தினார்கள். கடைசியில், "அண்ணே, நீங்களே அமுக்குங்க" என்று விட்டுவிட்டார்கள். அண்ணன் வேலை தப்பியது.

லிஃப்டுக்கு நேர் எதிரே என் வரவேற்பு மேஜை. வேடிக்கை பார்ப்பதில் எனக்கு அலுப்பே கிடையாது. பட்டனைக் கண்டு பதறியவர்கள், உள்ளே தோளோடு தோள் ஒட்டி நின்று, முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு போனார்கள். எதற்குப் பயப்படுவது, எதற்குப் பயப்படாமல் இருப்பது என்று மனசு எப்படித்தான் பிரிக்கிறதோ, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? பேனாவைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு, வருகிறவர்களிடம் முகத்துக்கு முகம் அரட்டை அடித்தவள்தான்.

அண்ணனுக்கும் சந்தேகமெல்லாம் விரல்மேல்தான். தோல் உரியுமளவு சோப்புப் போடுவார். மனைவிக்கு எட்டாம் மாதம். "வீட்ல அவளை வலது கையால தொடுறதே இல்லம்மா" என்பார் பெருமையாக.

ஒருநாள் மனைவியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போய்விட்டு, முகம் தொங்கிப்போய் வந்தார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்கண்ணே?"

"குழந்தை நல்லா இருக்கு. எனக்குத்தான் செம டோஸ். இது மூச்சுக்காத்துலதான் அதிகமா பரவுதாம். நாள் பூரா அந்தப் பொட்டிக்குள்ள நின்னுட்டு விரலை மட்டும் கழுவி என்ன பிரயோஜனம்னு கேட்டாங்க."

"அப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"இனிமே உள்ள ஏற மாட்டேன். வேலையை விட்டு போன்னா போயிடுறேன்."

அன்றைக்கே லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டார். "ரெண்டு ரெண்டு பேரா ஏறுங்க. பட்டனை நீங்களே அமுக்கலாம், அப்புறம் கையைக் கழுவிக்குங்க" என்றார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? மேனேஜரோடு ஏழெட்டுப் பேர் முண்டியடித்து ஏறினார்கள்.

"உள்ள வாய்யா, வந்து அமுக்கு" என்றார் மேனேஜர்.

"வீட்ல மாசமா இருக்கா சார். என்னால முடியாது."

கதவு மூடிக்கொண்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கதவுக்கு மேலிருந்த எண்ணைப் பார்த்தேன். தரைத்தளத்தைவிட்டு அது நகரவே இல்லை. உள்ளே, "நீ அமுக்கு", "நீங்க அமுக்குங்க சார்" என்று வாக்குவாதம். யாரோ இருமினார்கள்.