என் சம்சாரம் பிசைந்த களிமண்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பயம் மட்டும் ஏராளம். வெள்ளகோவில் பக்கம் எங்கள் ஊர். பிறந்த குழந்தை தவறியபின் என் சம்சாரம் பேசவுமில்லை, அழவுமில்லை, சோறும் தொடவில்லை. வண்டி கட்டி ஈரோட்டு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"மனசு இறுகிக் கெடக்குதுங்க. களிமண்ணைக் குடுங்க, தோணுறதைச் செய்யட்டும். தடுக்காதீங்க" என்றார்.

"பைத்தியம்னு ஊர் சிரிக்குமுங்களே?"

"ஊரை எதுக்குப் பாக்கறீங்க? அவங்க கையைப் பாருங்க."

களிமண் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் செய்ததோ ஒரு குழந்தைப் பொம்மை! உடைப்பாள், மறுபடி செய்வாள். டாக்டரம்மா சொன்னபடி நான் தடுக்கவில்லை. ஒருநாள் தோட்டத்திலிருந்து வந்தால் அவளையும் காணோம், பொம்மையையும் காணோம். கிணற்றுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். இல்லை. கருப்பராயன் கோயிலில், வேண்டுதலுக்கு வைக்கும் மண் உருவங்கள் நடுவே அந்தக் குழந்தையை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, கெணத்துல உழுந்துட்டேன்னு நெனச்சுப்போட்டீங்களா? நம்ம புள்ளைக்கும் ஒரு எடம் வேணுமில்லீங்க" என்றவள் ஓவென்று அழுதாள். வீட்டுக்கு வந்ததும் தானே சோறு போட்டுக்கொண்டாள்.

அந்த டாக்டரம்மாவின் அறிவை என்னவென்று சொல்வது! துக்கத்தில் இருப்பவர்களிடம் இப்போதெல்லாம் "அழாதே" என்று நான் சொல்வதில்லை. கவலை என்னைப் பிடுங்கும்போது நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மண் பிசைகிறேன்.

"உங்க மாடு நாயாட்ட இருக்குதுங்க" என்று சிரிக்கிறாள்.