ஜன்னலோரப் பட்டை

என் கடை மேசையில் காகிதம் பறக்காமலிருக்க பி.ஓ.பி. என்கிற பிளாஸ்டர் மாவில் வார்த்த ஒரு வில்லை கிடக்கிறது. இரண்டு கை அகலம் இருக்கும். அதில் குழிவாக ஒரு கொடி, கொடியில் ஏழு இலைகள். ஓரத்தில் பென்சிலால் அழுத்திப் போட்ட ஓர் அம்புக்குறி. கடைக்கு வருகிறவர்களில் சிலர் ஏதோ கோயில் சாமான் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பதிமூன்று வருஷமாக நானும் ஒன்றும் சொல்லாமலே இருந்தேன். அதைச் செய்தவர் என் மதினி.

மதினி ராசிங்காபுரத்துப் பெண். அண்ணன் மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டினான். மதினிக்குப் போடியில் ஏலக்காய் பொறுக்கும் சோலி. முறத்தில் கொட்டிய காயில் வெளுத்தது, வெடித்தது, பொடிசு என்று விரல் ஓட ஓடப் பிரித்துப் போடுவார். நமக்குக் காய் என்றால் பச்சை, அவ்வளவுதான். மதினியின் கண்ணுக்கு அந்த ஒரு முறத்துக்குள்ளேயே எத்தனையோ பச்சை. காய்கறிக்காரர் நீட்டும் கொத்தமல்லிக் கட்டைக்கூட, "இது நேத்துப் பறிச்சது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இதெல்லாம் ஒரு கிறுக்கு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெயிண்டுக் கடையில் சம்பளத்துக்கு நின்ற நான், வீட்டுச் சுவர்களை அலங்கரிக்கும் வேலையைத் தனியாக எடுத்துச் செய்யக் கிளம்பிய நேரம் அது. முதல் பெரிய வீடு ஓர் ஏலக்காய் வியாபாரியுடையது. எல்லாரும் அவரை முதலாளி என்றுதான் சொல்வார்கள். அவர் வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்க, பச்சை நிறத்தில் கொடியும் இலையும் புடைத்து நிற்கும் வால்பேப்பர் ஒட்ட வேண்டும். நான் நீளத்தையும் உயரத்தையும் பெருக்கி ரோல் வரவழைத்தேன். ஒரு பட்டையின் கொடி அடுத்த பட்டையின் கொடியோடு சேர வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெட்டி எறிந்தாக வேண்டும். அந்தச் சேதாரத்தை நான் சேர்க்கவே இல்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தேன். கடைசிப் பட்டைக்குக் காகிதம் இல்லை. மதுரையில் கேட்டால் அந்த டிசைன் வருவது நின்றுவிட்டது என்றார்கள்.

புது வீட்டில் பால் காய்ச்ச மூன்று நாள் இருந்தது. அந்த நாளில் ஊர் வியாபாரிகள் அத்தனை பேரும் அந்த ஹாலுக்கு வருவார்கள். முதலாளியோ ஒரு கைப்பிடிக் காயை அள்ளிப் பார்த்து எந்த மலைக் காய், மழையில் நனைந்ததா என்று சொல்லிவிடுகிற ஆள். விட்டுப்போன இடமும் மலையைப் பார்த்த ஜன்னலை ஒட்டிய மூலை. சாயங்கால வெயில் சுவரை உரசிக்கொண்டு வந்து ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் காட்டிக் கொடுத்துவிடும். அங்கே ஒரு குறை தெரிந்தால் இந்த ஊரில் இன்னொரு சுவர் எனக்குக் கிடைக்காது. பழையபடி பெயிண்டு டப்பா அடுக்கப் போக வேண்டியதுதான்.

தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். "என்ன தம்பி, காய் வெல எறங்குன ஆளாட்டம் ஒக்காந்திருக்கீங்க?" என்றார் மதினி. சொன்னேன். "வெட்டிப் போட்ட துண்டு கெடக்குல்ல, அதக் கொண்டாங்க" என்றார். மறுநாள் சோலிக்குப் போகவில்லை. துண்டுக் காகிதத்தின் மேல் தேங்காயெண்ணெய் தடவி, பி.ஓ.பி.யைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்தார். இலை குழிந்த அச்சு கையில் இருந்தது. நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து, "கொழுக்கட்ட அச்சு பாத்ததில்லையாக்கும்?" என்றார்.

சுவரை மழமழப்பாக்கப் பூசும் புட்டிப் பசையை அப்பி, ஏணியில் நின்று மேலிருந்து கீழாக அச்சை அழுத்தி அழுத்திக்கொண்டு வந்தார். நான் கீழே புட்டி கலக்கினேன். புடைப்பு வந்துவிட்டது. ஆனால் நிறம்? நான் கலக்கிக் காட்டிய பச்சை எதையும் அவர் ஏற்கவில்லை. கிண்ணம் கிண்ணமாக அவரே கலக்கினார்; ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டைத் துண்டுக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு என்னைக் காக்க வைத்தார். "ஈரத்துல தெரியிற பச்ச பொய் தம்பி. காஞ்சு நிக்கிறதுதான் பச்ச" என்றார். ஒரு சொட்டு காய்ந்து, காகிதத்தில் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் போனது. அந்தக் கிண்ணத்தைத்தான் கையில் எடுத்தார். பூசிக் காய்ந்ததும் அதன் மேல் அடர்ந்த பச்சையை நீர்க்கத் தடவி, பழைய வேட்டித் துணியால் துடைத்தார். மேடு வெளுத்தது, பள்ளத்தில் நிழல் தங்கியது.

இரண்டாம் நாள் சாயங்காலம் வெயில் சாய்ந்து வந்தபோது வாசலிலிருந்து பார்த்தேன். எது காகிதம், எது சுவர் என்று எனக்கே தெரியவில்லை. அத்தனை வருஷம் பெயிண்டு விற்றவன், நிறம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கும்பிடத் தோன்றியது, கூச்சமாக இருந்ததால் கும்பிடவில்லை.

பால் காய்ச்சிய அன்று முதலாளி சுவரில் உள்ளங்கையை வைத்து ஜன்னல் மூலைவரை தடவிக்கொண்டே போனார். "ஒரே சீரா இருக்குய்யா" என்று என் தோளில் தட்டினார். மதினி பின்கட்டில் பெண்களோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் செய்தது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த அத்தனை வீடுகளும் அந்தத் தட்டலுக்குப் பின்னால் வந்தவைதான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அந்த ஹாலைப் புதுப்பிக்க என் ஆட்களை அனுப்பினேன். மத்தியானம் போன் வந்தது. "அண்ணே, எல்லாம் உரிஞ்சு வந்துருச்சு. ஜன்னலோரம் ஒரு பட்ட மட்டும் அசைய மாட்டேங்குது." போனால், உரிந்து வெறுமையான சுவரின் மூலையில் அது மட்டும் பச்சையாக நின்றது. எதிரே முதலாளி, கையில் ஊன்றுகோலோடு. இனி மறைக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். "காயத் தொட்டா மலையச் சொல்றவன்யா நானு. பதிமூணு வருசமா இது முன்னால ஒக்காந்து காப்பி குடிச்சிருக்கேன்" என்றார். பிறகு, "அந்தம்மாவக் கூட்டியா" என்றார்.

மதினியை வண்டியில் அழைத்து வந்தேன். ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு முதலாளி கைகூப்பினார். மதினி பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் பட்டையை அண்ணாந்து பார்த்தார். "அந்தா, மேல இருந்து ரெண்டாவது அச்சு. தலகீழா அமுக்கிட்டேன். அன்னைக்கே பாத்தேன் தம்பி, அதுக்குள்ள எறுகிப்போச்சு. நீங்களே வெலவெலத்துப் போயி நின்னீங்க, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

நானும் முதலாளியும் தேடினோம். சொன்ன பிறகும் கண்டுபிடிக்க நேரமானது. கொடி பிசகாமல் சேர்ந்திருந்தது. ஏழு இலைகள் மட்டும் தரையைப் பார்த்திருந்தன. இதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று முதலாளி என் ஆட்களிடம் சொல்லிவிட்டார்.

கடைக்குத் திரும்பி வில்லையைக் கையில் எடுத்தேன். எது மேல்பக்கம் என்று காட்டும் அந்த அம்புக்குறியை வேலை தொடங்கும் முன்பே போட்டிருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். முன்பே இருந்திருந்தால் அச்சு தலைகீழாகியிருக்காது. அது இரண்டாவது அச்சுக்கும் மூன்றாவது அச்சுக்கும் நடுவில், நான் கீழே புட்டி கலக்கிக்கொண்டிருந்தபோது, ஏணியில் நின்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டது. இப்போதும் சிலர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஒற்றி முடிக்கட்டும் என்று பொறுத்திருந்து, என் மதினி செய்தது என்று சொல்கிறேன்.