அப்பா கையில் ஓடிய வண்டி

அப்பாவின் இடது கைக்குள் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்காமல் ஓடுகிறதா என்று தினமும் பார்க்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அரசாங்கம் கொடுத்த கலர் டிவி எங்கள் தெருவுக்கு வந்த வருஷம் அது.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. வாரம் இரண்டு நாள் கடலூரிலிருந்து சிதம்பரம் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அதற்காக மணிக்கட்டில் ஒரு தமனியைச் சிரையோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். தமனி ரத்தத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து, அந்த மெல்லிய சிரை நாளடைவில் சுவர் தடித்துக் கயிறுபோலப் புடைத்துவிட்டது. அப்படிப் புடைத்தால்தான் பெரிய ஊசி குத்த முடியும். தொட்டால் அதிரும், காதை வைத்தால் உர்ரென்று கேட்கும். சத்தம் நின்றால் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது, பல் தேய்ப்பதற்கு முன் அதைக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான்.

“வண்டி ஓடுதா பாப்பா?”

“ஓடுதுப்பா.”

அம்மா துணிக்கடை வேலைக்குப் போனதால், முழுப்பரீட்சை லீவில் நானும் அப்பாவோடு சிதம்பரம் போனேன். உள்ளே பிள்ளைகளை விடமாட்டார்கள். நாலு மணி நேரம் வெளியே இரும்பு பெஞ்சுதான். கொண்டுபோன புளிசாதத்தைப் பத்து மணிக்கே தின்றுவிடுவேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். வேறு யாருடைய அப்பாவோ வருவார். அவ்வளவு தனியாக நான் பிறகு ஹாஸ்டலில்கூட இருந்ததில்லை.

ஒருநாள் மெஷின் மக்கர் பண்ணி ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. அப்பா வெளியே வந்தபோது நான் அழுது முடித்து முகத்தையும் கழுவியிருந்தேன். ஆனாலும் அவர் கண்டுபிடித்துவிட்டார். வழக்கமாக பஸ்ஸில் அந்தக் கையை என் பக்கம் விடமாட்டார். அன்றைக்கு விட்டார். அதன்மேல் தலையை வைத்துக்கொண்டேன். பகல் முழுதும் யாரும் பேசாத என் காதில் அது பேசிக்கொண்டே வந்தது. கடலூர் பஸ் ஸ்டாண்டில்தான் விழித்தேன். அப்பா தூங்காமல், கையை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை காதை வைத்தேன். இடம் மாற்றி மாற்றி வைத்தேன்.

“ஓடலப்பா.”

அடித்துப்பிடித்து சிதம்பரம் போனோம். சிஸ்டர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். “அந்தக் கையில வெயிட்டு படக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? டயாலிசிஸ் முடிஞ்சா பிரஷர் எறங்கியிருக்கும், லேசா அமுங்கனாலே அடச்சிக்கும். என்னா பண்ணீங்க?”

“பஸ்ல நாந்தான் தலைக்கு வச்சித் தூங்கிட்டேன் சிஸ்டர்.”

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். என் கையை அழுத்திவிட்டார். தூங்காத மனுஷர் ஏன் தூங்கினேன் என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கை இனி உதவாது என்று, டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட குழாயோடு இரண்டு மாதம் கிடந்தார். நடுவில் வந்த காய்ச்சலில் பிழைத்ததே பெரிது. பிறகு வலது கையில் புதிதாக ஒன்று தைத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் சனிக்கிழமைகளில் மட்டும் நான் கூடப் போனேன். பஸ்ஸில் என்னைத் தனக்கு இடது பக்கம் உட்கார வைத்து, இடது கையை நீட்டினார்.

“எவ்ளோ நேரம் வேணாலும் படுத்துக்க பாப்பா.”

காதை வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. “இது வாணாம், அந்தக் கையக் குடு” என்றேன். அவர் கொடுக்கவில்லை. அப்பாவுக்கு என்மேல் பிரியம் குறைந்துவிட்டது என்று முடிவு செய்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புதுச்சத்திரம் தாண்டியும் அந்த இடது கை என் பக்கம் நீட்டியபடியே இருந்தது.