கூடைக்கு இரண்டு கிலோ

1. மடுவம்

எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என்னைக் கேட்பார்கள்: "மிஸ், நீங்க என்ட்ரன்ஸ் எக்ஸாமுக்கு எப்பிடிப் படிச்சீங்க?" படித்ததை விடப் பயந்ததுதான் அதிகம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

தாதியர் பள்ளி நுழைவுப் பரீட்சைக்கு நாற்பது நாள் இருக்கும்போது எனக்கு மடுவத்தில் வேலை கிடைத்தது. மடுவம் என்பது பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்து லொறியில் ஏற்றும் கொட்டகை. எங்கள் தோட்டம் பசறைக்கு மேலே இருக்கிறது. அங்கே நிறுவை சொல்லிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி வெலிமடைக்குப் போய்விட, பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான உயர்தரம் எழுதிய பிள்ளை என்று என்னைக் கூப்பிட்டார்கள். காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை. நடுவில் கிடைக்கும் நேரத்தில் படிக்கலாம் என்று நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் கணக்கப்பிள்ளை சுப்பையா ஐயா தராசுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். கொக்கியில் கூடையை மாட்டினால் சிவப்பு எழுத்தில் இலக்கம் வரும் தராசு அது.

"இந்தா பாரு புள்ள, இதுல என்னா காட்டுதோ அதுல ரெண்டக் கழி. கூடைக்கும் தண்ணிக்கும். புள்ளிக்கு அங்கிட்டு இருக்கறத விட்ரு. மழைன்னா மூணு."

"இன்னைக்கு வெயிலுதானேங்கய்யா. தண்ணி எங்க இருக்கு?"

"ஒன்னைய கேள்வி கேக்கவா வச்சிருக்கு? எனக்கு முந்தி இருந்தவரும் இப்பிடித்தான் கழிச்சாரு. நீ வாயத் தொறந்து நம்பர மட்டும் சொல்லு."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் பரீட்சை விண்ணப்பத்தில் இருந்த ஒரு வரி. வேலை செய்கிறவர்கள் தெரிவானால், வேலை இடத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம் கொண்டுவர வேண்டும். கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்தால்தான் தோட்ட மேனேஜரான துரை கையெழுத்துப் போடுவார். வயது எல்லைக்குள் எனக்கு அதுதான் கடைசி முறை. அதுவும் போனால் நானும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டியதுதான்.

வரிசையில் ஆறாவது ஆளாக என் அம்மா வந்தாள். தராசு 18.7 காட்டியது. நான் "பதினாறு" என்றேன். அம்மா தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடையை இறக்கிக்கொண்டு போனாள்.

2. வயிற்றில் இருந்த பயம்

உயிரியலைத் தமிழில் படித்தவள் நான். பரீட்சையில் பாதிக் கேள்வி ஆங்கிலம். நோய்களின் ஆங்கிலப் பெயர்களை எல்லாம் கடதாசியில் எழுதி மடுவத்துத் தூணில் ஒட்டி வைத்தேன். கொழுந்து கொண்டுவரும் அக்காமார் அதைப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள, மந்திரமா? எங்களுக்கும் ஒரு தடவ ஓதி விடேன்" என்று கேலி செய்வார்கள்.

எனக்குக் கேலி தாங்காது. ஆனால் அந்த நாட்களில் திருப்பிச் சொல்லக்கூடத் தெம்பில்லை. சாப்பாட்டைப் பாதியிலேயே தள்ளி வைத்துவிடுவேன். அனுமதி அட்டை பைக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுவை முடிந்ததும் எடுத்துப் பார்ப்பேன். பரீட்சையன்று மண் சரிந்து பாதை அடைபட்டால் என்ன செய்வது, பேனா எழுதாவிட்டால் என்ன செய்வது, ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு நான் பேயறைந்த மாதிரி நின்றால் என்ன செய்வது என்று ஓயாமல் நினைப்பேன்.

அம்மாவுக்கு என் பயம் எரிச்சலாக இருந்தது. ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டுச் சொல்வாள்: "தின்னுட்டுப் படிடி. வெறும் வயித்துல படிச்சா மண்டையில எப்பிடி ஏறும்?"

"பெயிலாப் போனா?"

"போனா போவுது. ஒன்னைய என்னா மலையிலருந்து உருட்டியா விட்ருவாங்க?"

சொன்னாளே தவிர, நான் பார்க்காத நேரத்தில் அவளும் அந்த அனுமதி அட்டையை எடுத்துப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் அவளுக்குப் படிக்கத் தெரியும்.

அந்த நாற்பது நாளில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆரம்பத்தில் இலக்கத்தைப் பார்த்து, மனதுக்குள் கழித்து, பிறகு சொல்வேன். போகப் போக, கொக்கி ஆடி நிற்பதற்குள் வாய் தானாகவே சொல்லிவிடும். தராசில் 21.3 இருந்தால் என் கண்ணுக்கு அது பத்தொன்பதுதான். மடுவத்தில் என்னை எல்லோரும் கெட்டிக்காரி என்றார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

3. மூன்றாவது மேசை

பரீட்சை பதுளையில். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். பாதையும் சரியாக இருந்தது, பேனாவும் எழுதியது. நான் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. எழுத்துப் பரீட்சையை முடித்து வெளியே வந்தபோது, பரவாயில்லை, ஓரளவுக்கு எழுதிவிட்டோம் என்று இருந்தது.

பகலுக்குப் பிறகு செய்முறை. நான்கு மேசை. முதல் மேசையில் நாடி பிடித்துப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். இரண்டாவதில் வெப்பமானி. மூன்றாவது மேசையில் ஒரு சிங்கள சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். தமிழ் நன்றாகவே பேசினார். அவருக்குப் பக்கத்தில் கொக்கித் தராசு ஒன்றும், பிள்ளைகளை உட்கார வைத்து நிறுக்கும் துணித் தொட்டிலும், மணல் அடைத்த ஒரு பொம்மையும் இருந்தன.

"தொட்டில் பாரத்த ஏற்கெனவே கழிச்சு சீரோ வச்சிருக்கு. பிள்ளைய மாட்டிப் பாரத்த எழுதுங்க. கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் மருந்துன்னா மொத்தம் எவ்வளவுன்னும் எழுதுங்க."

இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பே வந்தது. நாற்பது நாளாக இதைத்தானே செய்கிறேன்! மாட்டினேன், பார்த்தேன், எழுதிக் கொடுத்தேன். மற்றவர்கள் கொக்கி ஆட்டம் நிற்கும் வரை காத்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் முதலில் முடித்தேன்.

சிஸ்டர் தாளைப் பார்த்தார். பொம்மை இன்னும் கொக்கியில்தான் தொங்கியது.

"மகள், இதுல என்ன காட்டுது?"

அப்போதுதான் உண்மையிலேயே பார்த்தேன். 11.6. என் தாளில் 9 என்று இருந்தது. மருந்து 90 மில்லிகிராம்.

"ஏன் ஒன்பது எழுதினது?"

பொய் சொல்லவும் ஒன்றும் தோன்றவில்லை. "தோட்டத்துல கொழுந்து நிறுக்கிறேங்க மிஸ். கூடைக்கும் தண்ணிக்கும் ரெண்டு கிலோ கழிப்போம். அந்தப் பழக்கத்துல..."

"இந்தப் பிள்ளைக்குக் கூடை எங்க?"

நான் பொம்மையைக் கொக்கியிலிருந்து இறக்கினேன்.

"நூத்திப் பதினாறு குடுக்க வேண்டிய பிள்ளைக்குத் தொண்ணூறு குடுத்தா காய்ச்சல் எறங்குமா? நீங்க குடுத்தாச்சுன்னு எழுதிட்டுப் போயிருவீங்க. அம்மா மட்டும் ஏன் எறங்கலன்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க." அவர் சத்தம் போடவில்லை. தாளில் அந்த மேசைக்கான கட்டத்தில் பூச்சியம் போட்டு, அடுத்த மேசையைக் காட்டினார்.

நான்காவது மேசையில் என்ன செய்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. பஸ்ஸில் வரும்போது வழி நெடுக அழுதேன். பரீட்சை போனதற்காகத்தான் அழ ஆரம்பித்தேன். நமுனுகுலைப் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, நாளைக்கு மூன்று கிலோ கழிக்க வேண்டும் என்று மனது தானாகவே நினைத்தது. அப்போது அம்மாவின் 18.7 கண்ணுக்கு முன்னால் வந்தது. என் அம்மாவுக்கு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று முதல் தடவையாக எனக்கு உறைத்தது.

4. வெறுங்கூடை

உறைத்தும் நான் உடனே நிறுத்தவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுநாளும் கழித்தேன், அதற்கு அடுத்த நாளும் கழித்தேன். கடிதம் வேண்டுமே என்ற பயம். அம்மா பகலெல்லாம் பறித்தும் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கணக்குக்கு ஒரு கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்த நாள்கூட உண்டு. முழு நாள் வேலைக்குப் பாதி நாள் என்று பதிவதுதான் அரைப்பேர். அன்றைக்கு நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்றேன்.

இரண்டு வாரம் கழித்து போனில் செய்தி வந்தது. காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது. அதற்குப் பிறகு பத்து நாள் போன் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் எடுப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். முதலில் தெரிவானவர்களில் இரண்டு பேர் வரவில்லை. வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் எல்லாப் பத்திரங்களுடனும் நான் வர வேண்டும். வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சுப்பையா ஐயாவிடம் ஓடினேன். "நாளைக்கு அந்தி நிறுவைய முடிச்சுக் குடு. வெயாழக்கெழம காலையில தொர கையெழுத்தோட காயிதம் தாரேன்" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார்.

ஆக, எனக்கு மிச்சம் இருந்தது புதன்கிழமையின் மூன்று நிறுவை. இரண்டை முடித்தேன். மாலையில் அம்மா வந்து கூடையை மாட்டினாள். 21.4.

பத்தொன்பது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"இருபத்தொன்னு நாலு" என்றேன்.

சுப்பையா ஐயா நிமிர்ந்தார். "என்னா புள்ள, தூக்கமா? பத்தொம்பது."

"வெறுங்கூடைய மாட்டிப் பாப்போங்கய்யா. கூடைப் பாரம் எவ்வளவோ அத மட்டும் கழிப்போம்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். "ஏய், பைத்தியமா ஒனக்கு? காயிதம் வாங்கணும்டி! பத்தொம்பதுன்னே சொல்லிட்டுப் போ."

நான் அவள் கையை விலக்கிவிட்டு, கொழுந்தைத் தரையில் விரித்திருந்த படங்கில் கொட்டி, கூடையைக் கொக்கியில் மாட்டினேன். 0.8 காட்டியது. இருபது புள்ளி ஆறு என்று சத்தமாகச் சொன்னேன். பின்னால் நின்ற அக்கா தன் கூடையை மாட்டினாள், நிறுவையைப் பார்த்தாள், கொழுந்தைக் கொட்டிவிட்டு வெறுங்கூடையை மாட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் அப்படியே செய்தாள். அன்று நிறுவை முடிய வெகு நேரமானது. லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

சுப்பையா ஐயா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. "காலையில ஒபிசுக்கு வா, காயிதம் தாரேன்" என்றார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

5. ஒட்டிய கடிதம்

காலையில் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியே கொடுத்தார்கள். பசறையில் பதுளை பஸ் கிளம்பும் வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. ஓரத்தை உரித்துப் பிரித்துப் படித்தேன். ஆங்கிலத்தில் இரண்டே வரி. சுறுசுறுப்பாக வேலை செய்தார். ஆனால் எடை எழுதுவதில் எங்கள் தோட்டத்தின் முறைப்படி நடக்க மறுத்தார். கீழே துரையின் கையெழுத்து.

அடப்பாவி மனுஷா! கடிதத்தைக் கொடுத்தால் அடங்காதவள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொடுக்காவிட்டால் இடமே இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு, தொலைந்துவிட்டது என்று அழலாமா என்றுகூட யோசித்தேன். ஹாலிஎலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி எங்காவது போய்விடலாம் என்றும் தோன்றியது. பதுளையில் இறங்கி, ஒரு கடையில் பசை வாங்கி, உறையைத் திரும்ப ஒட்டினேன். பள்ளிக்குள் நுழையும்போது பதினொன்றரை.

பத்திரம் பார்க்கும் மேசையில் அதே சிஸ்டர். போச்சு, இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அவர் உறையைத் திறந்து கடிதத்தை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

"தோட்டத்து முறைன்னா அந்த ரெண்டு கிலோவா?"

"ஆமாங்க மிஸ்."

"எப்ப மறுத்தது?"

நேற்று என்று சொன்னால் கேவலம். பரீட்சைக்கு மறுநாளே என்று சொல்லியிருக்கலாம், யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? "நேத்து அந்திக்குத்தாங்க மிஸ். அதுக்கு முந்தி எல்லா நாளும் கழிச்சேன். எங்க அம்மாவுக்கும் கழிச்சேன்."

சிஸ்டர் கடிதத்தை என் கோப்பில் எல்லாப் பத்திரத்துக்கும் மேலே வைத்து, முத்திரையை எடுத்துக் குத்தினார். "திங்கக்கிழமை ஏழரைக்கு வாங்க. பிந்த வேணாம்" என்றார்.

பதினாறு வருடமாக நான் வார்டில் நிற்கிறேன். பிள்ளைகளே, பரீட்சைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பயப்படுங்கள். எனக்கு அந்தப் பயம் ஒரு கெடுதலும் செய்யவில்லை. நன்றாகத் தெரியும் என்று நினைத்து, பார்க்காமல் எழுதிய ஒரே இடத்தில்தான் எனக்குப் பூச்சியம் விழுந்தது. தராசு ஆடி நிற்கட்டும். நின்ற பிறகு இலக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். அதற்குப் பிறகு எழுதுங்கள்.

அன்றைக்கு வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். "கெடச்சிருச்சும்மா" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

"கேக்குது, கேக்குது" என்றாள் அம்மா. "இங்க புதுசா ஒரு புள்ளைய நிறுக்க விட்ருக்காங்க. எனக்குப் பதினேழுன்னு சொல்லுது. கூடைய எறக்க மாட்டேன்னு நிக்கிறேன். வெறுங்கூடைய நிறுத்துட்டுப் பேசுறேன், வையி."