மைக்கில் நான் சொன்ன மருந்து

எங்கள் ஊர் ஆந்திராவில், சூளூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஊரில் இரண்டே தெரு. ஒன்றில் தெலுங்கு, ஒன்றில் தமிழ். நான் தமிழ்த் தெரு, ஆனால் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தை பஸ் போர்டையும் மளிகைப் பொட்டலத் தாளையும் பார்த்து நானாகவே கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. யாராவது தமிழுக்கு நடுவில் ஒரு தெலுங்கு வார்த்தையைப் போட்டால் அங்கேயே நிறுத்தித் திருத்துவேன். வீட்டில் உப்பு கேட்பதற்குக்கூட என்னிடம் யோசித்துத்தான் கேட்பார்கள்.

என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இரண்டு நோய். ஒன்று சர்க்கரை, இன்னொன்று குடி. சர்க்கரைக்கு தினம் இரண்டு வேளை மாத்திரை. குடிக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு வைன்ஷாப். இரண்டிலும் மனுஷன் நேரம் தவறியதே இல்லை. கல்லீரல் வீங்கியிருக்கிறது, இப்படியே குடித்தால் ஆள் தங்க மாட்டார் என்று ஒரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. பயந்தால் எனக்கு அழத் தெரியாது, கத்தத்தான் தெரியும். வாரத்தில் ஏழு நாளும் கத்தினேன். நான் கத்தி முடிப்பதற்குள் அவர் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகளிர் சங்கத்துக்கு ஒரு வேலை வந்தது. ஊர் ஊராக ஆட்டோவில் மைக் கட்டி, குடியை விடச் சொல்லி அறிவிப்புச் செய்ய வேண்டும். எங்கள் வட்டாரத்து மண்டல் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி அம்மா தெலுங்கில் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார். தெலுங்குத் தெருவுக்கு அதை அப்படியே படித்தால் போதும், தமிழ்த் தெருவுக்கு யார் தமிழில் சொல்வீர்கள் என்று கேட்டார். சங்கத்தில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் எழுந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

தாளின் முதல் வரி, 'மந்து மானண்டி.' மானண்டி என்றால் விடுங்கள். தெலுங்கில் மந்து என்றால் மருந்து. குடிக்கிற சரக்குக்கும் அதே பெயர்தான். எங்கள் தெருவிலும் பாதிப் பேர் மந்து என்றுதான் சொல்வார்கள். எனக்கோ அது தெலுங்கு வார்த்தை, ஆகாது. சுத்தத் தமிழில் கணீரென்று படித்தேன். "அன்பான பெரியோர்களே, தயவுசெய்து மருந்தை விட்டுவிடுங்கள். நீங்கள் எங்களுக்கு வேண்டும். உங்கள் பிள்ளைகள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்." அதிகாரி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. குரல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். சங்கத்துப் பெண்கள் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து என் குரல் வருவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வார்த்தையைக் கவனிக்கவில்லை.

ஆட்டோ மூன்று நாள் தமிழ்த் தெருவைச் சுற்றியது. பலன் உடனே தெரிந்தது. வைன்ஷாப்பில் கூட்டம் துளியும் குறையவில்லை. எதிர்வீட்டு அத்தை மட்டும் பிரஷர் மாத்திரையை எடுத்துக் குப்பையில் போட்டார். ஆட்டோ கட்டிக்கொண்டு வந்து சொல்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது என்று அவர் பக்கத்து வீட்டில் சொன்னதும், மாத்திரையை எறிந்ததும் எனக்கு அப்போது தெரியாது. நான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

அறிவிப்பு ஆரம்பித்த எட்டாம் நாள் காலையில் நைனா பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்கு, மாட்டுக்குக் காட்டுவதுபோல, தண்ணீர் காட்டினார். வாளியை அதன் முன்னால் வைத்து, "துன்னாமயே நிக்கிறியே, இன்னா ஆச்சு உனுக்கு?" என்று பாசமாகக் கேட்டார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் கால் தடுமாறி வாளியோடு உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுபோனது. காலையிலேயே குடித்துவிட்டார் என்று நினைத்துத் திட்டப் போனேன். வாயில் வாடையே இல்லை. ஆட்டோ பிடித்து, ரயில் ஏறி, திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சர்க்கரை எங்கேயோ ஏறிப்போயிருந்தது. ஊசியும் டிரிப்பும் ஏற்றிய பிறகு மறுநாள் மத்தியானம் வாக்கில் அவருக்குப் புத்தி தெளிந்தது. டாக்டர் வந்து, 'மந்து' விட்டீர்களா என்று தெலுங்கில் கேட்டார். விட்டேன் சார், எட்டு நாள் ஆகிறது, என் மகள்தான் மைக்கில் சொன்னாள் என்றார் நைனா. டாக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என் பக்கம் திரும்பி, இப்படி ஒரு பெண் வீட்டுக்கு வீடு இருக்க வேண்டும் என்றார். நான் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். குடித்துவிட்டு ஆறரை மணிக்குத் தள்ளாடி வந்தவரை எட்டு நாளும் பார்த்தவள் நான். ஆனாலும் பாராட்டு வரும்போது குறுக்கே பேச மனம் வரவில்லை.

நைனாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தலையணைப் பக்கம் கிடந்த சட்டையை இழுத்து, பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார். பிரிக்காமல் அப்படியே இருந்தன.

"ஒக்க பில்ல கூட வேஸ்கோலேது சார்," என்றார். ஒரு மாத்திரைகூடப் போடவில்லையாம்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு மெல்ல விளங்கியது. மந்து, மருந்து. மூன்று நாள், தெரு முழுக்க, என் சொந்தக் குரலில், கணீரென்று. அந்த இடத்திலேயே நடந்ததைச் சொன்னேன். டாக்டர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார், முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் பாடே படவில்லை. நான் வராந்தாவுக்கு ஓடி, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற எதிர்வீட்டு அத்தைக்குப் போன் செய்து, மாத்திரையைப் போடுங்கள், இன்றைக்கே போடுங்கள் என்று கெஞ்சினேன். ஆட்டோவில் ஒன்று சொல்கிறாய், போனில் ஒன்று சொல்கிறாய், எதைக் கேட்பது என்று அவர் கேட்டார். அதிகாரி அம்மாவிடமும் சொல்லி, மறுநாளே புது அறிவிப்புக்கு ஏற்பாடு ஆனது. அதற்கு நான் போனில் பதிவு செய்து அனுப்பியதில் சாராயம், பிராந்தி, பீர் என்று ஒன்று விடாமல் பெயர் சொல்லி, மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன்.

ஆனால் அன்றைக்கு மத்தியானம் திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபோது எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷமாகக் குடியை விடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒரு நாள் கேட்டதில்லை. மாத்திரையை விடு என்றதும் அன்றைக்கே விட்டுவிட்டாரே. அதையே அவரிடம் கேட்டேன்.

நைனா மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊட்ல நீ கத்திக்கினு இருப்ப, பாப்பா. மைக்குல தான் தயவுசெஞ்சுன்ன. நீங்க எங்களுக்கு வேணும்ன. எனுக்குத்தான் நீ சொல்றன்னு நெனச்சிக்கினேன்."

அந்த வரிகள் தாளில் இருந்தவை. நானாகச் சொன்னதில்லை, என் வாயில் அது வந்ததும் இல்லை. டிரிப் ஏறாத கையைப் பிடித்துக்கொண்டேன். மைக் இல்லாமல் மெதுவாகச் சொன்னேன்.

"நைனா, தயவுசெஞ்சு குடிய வுட்டுடு. நீ எனுக்கு வேணும்."

அவர் சரி என்று சொல்லவில்லை. ஃபேனை விட்டு என் பக்கம் திரும்பி, "இன்னொரு வாட்டி சொல்லு," என்றார். சொன்னேன்.

ஊருக்கு வந்த பிறகு இரண்டு தடவை வழுக்கிப் போய்விட்டார். அந்த இரண்டு நாளும் பழைய ஞாபகத்தில் நான் கத்தியிருந்தேன். குடி நிறுத்த மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போகிறேன். இப்போதெல்லாம் சாயந்திரம் ஆறு மணி ஆனால், அடுப்படியில் நான் என்ன செய்துகொண்டிருந்தாலும் நைனா செருப்பு மாட்டாமல் வந்து என் முன்னால் நிற்கிறார், நான் சொல்லி முடிக்கும்வரை நகர்வதில்லை.